ஓரக்கல்லில் இடித்த வண்டி

ரஸ்மிய்யா ஐம்பது தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றவள். ஆசைப்பட்டுக் கற்கவில்லை. புருஷன் அவ்வாதின் கண்ணைச் சர்க்கரை தின்றுவிட்டது, வேறு வழியில்லாமல் கற்றாள்.

அவ்வாத் லேசுப்பட்ட ஆள் இல்லை. சொந்த ஊர் ஸர்காவிலிருந்து அகபா துறைமுகம், அங்கே சரக்கேற்றி பாக்தாத் என்று வாலிபத்திலிருந்து லாரி ஓட்டியவர். பாலைவனத்தில் டயர் வெடித்தால் தனியாளாகக் கழற்றி மாட்டுவார். அப்படிப்பட்ட மனுஷன், கண் போனதும் வீட்டு மூலையில் மெத்தையில் உட்கார்ந்தவர்தான், இரண்டு வருஷம் தெருப்பக்கம் வரவில்லை. பார்க்க வந்த பழைய கூட்டாளிகளிடம் தலைவலி என்று சொல்லி அனுப்பச் சொன்னார். அவர்களும் மெல்ல மெல்ல வருவதை விட்டார்கள்.

மகன் ஸாயில் குவைத்துக்குப் போகும்போது விட்டுப்போன சின்ன வெள்ளைக் கார் வாசலில் தூசி படிந்து நின்றது. அதில்தான் ரஸ்மிய்யா கற்றாள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கே, வாங்க ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்று கூப்பிட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளும் விடவில்லை, தினம் கூப்பிட்டாள். தொந்தரவு பொறுக்காமல் ஒருநாள் எழுந்து வந்தார்.

முதல் ஒரு மாதம் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார், வாடகை கொடுத்து ஏறிய ஆள் மாதிரி. அப்புறம் முன்னால் வந்தார். வந்தும் என்ன, வளைவு வந்தால் போதும், அவருடைய வலது கால் அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தும். ரஸ்மிய்யா கண்ணாடியைப் பார்ப்பாளோ இல்லையோ, அந்தக் காலைப் பார்ப்பாள். போகப் போக அழுத்தம் குறைந்தது. கோடை பிறக்கும்போது அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுக் காலை நீட்டி உட்கார ஆரம்பித்திருந்தார். வியாழக்கிழமை ஆனால் அஸ்ரக் ரோட்டில் லாரிக்காரர்கள் கூடும் டீக்கடைக்குப் போவார்கள். அவர் உள்ளே போய், விழுகிற சீட்டை யாராவது சொல்லக் கேட்டு, ஆடுகிறவர்களுக்கு வாயால் ஆட்டம் சொல்லிக் கொடுப்பார். இவள் காரிலேயே உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டு, அவர் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இப்படி இருக்கையில்தான் ஒரு காலையில் தனியாகப் போய்ச் சூடாக எள்ளு ரொட்டி வாங்கி வரும்போது, ரவுண்டானாவில் பக்கத்து சீட்டிலிருந்து ரொட்டிப் பை சரிந்தது. ஒரு கையால் அதைப் பிடிக்கப் போனாள். வண்டியின் முன்பக்க வலது சக்கரம் ஓரக்கல்லில் போய் மடாரென்று இடித்தது. இறங்கிப் பார்த்தாள். டயர் கிழியவில்லை, ரிம்மில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் கிளம்பினால், வண்டி நேராகப் போக ஸ்டியரிங்கை இடதுபக்கம் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. கையை லேசாகத் தளர்த்தினால் வலதுபக்கம் இழுத்தது.

அவருக்குத் தெரிந்தால் தீர்ந்தது. இவளை நம்பி ஏறினேனே என்று மறுபடி அந்த மெத்தைக்கே போய்விடுவார், அப்புறம் யார் வந்து கூப்பிட்டாலும் எழமாட்டார். கோணல் ஸ்டியரிங் அவர் கண்ணுக்கா தெரியப்போகிறது என்று தைரியம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். முதல் வளைவிலேயே கவனித்தாள். அவர் செருப்பைக் கழற்றவில்லை. இரண்டாவது வளைவில் கால் தரையில் அழுந்தியது. டயர் தாரில் தேய்கிற சத்தம் அவர் காலடியிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு டீக்கடை வேணாம். ஒர்க்‌ஷாப் தெருவுக்கு விடு" என்றார்.

"எதுக்குங்க?"

"ஜிரியெஸைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

அவள் வழி தெரியாது என்று சொல்லிப் பார்த்தாள். ஆயில் வாடை வந்ததும் வலப்பக்கம் திருப்பு, வெல்டிங் சத்தம் தாண்டி மூன்றாவது கதவு என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு திருப்பமும் தப்பவில்லை.

ஜிரியெஸ் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவன், அவ்வாதின் லாரிக்குச் சக்கரம் பார்த்தவன். அவரைக் கண்டதும் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். இரண்டு வருஷத்துக்கு மேலாகச் செத்தாயா இருக்கிறாயா என்று தெரியவில்லையே என்று திட்டினான். அப்புறம் ரஸ்மிய்யா அங்கே நிற்காதது மாதிரி, வண்டிக்கு என்ன என்று அவரிடமே கேட்டான்.

"வண்டி அவளோடது. அவகிட்ட கேளு."

அவள் ஏதோ முணுமுணுத்தாள். ஜிரியெஸ் குனிந்து ரிம்மைப் பார்த்தான், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். நல்ல மனுஷன், அவள் கண்ணால் கெஞ்சியதைப் புரிந்துகொண்டான். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிவிட்டு, ரோடு முழுக்கப் பள்ளம், ஏதோ பள்ளத்தில் இறங்கியிருக்கும் என்றான்.

அவ்வாத் தடவிக்கொண்டே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரிம்மின் விளிம்பில் விரலை ஓட்டினார்.

"பள்ளத்துல இறங்குனா பக்கவாட்டுல இப்படிச் சிராய்க்காதுடா. கல்லு."

இனி மறைத்துப் பயனில்லை. "நான்தான் இடிச்சேன்" என்றாள் ரஸ்மிய்யா. "ரவுண்டானாவுல. ரொட்டிப் பை சரிஞ்சுது."

"தெரியும். அன்னிக்கு நீ கொண்டுவந்த ரொட்டியில ஒரு எள்ளுகூட ஒட்டிக்கிட்டு இல்ல, எல்லாம் உதிர்ந்து போயிருந்துச்சு."

சிரித்தது ஜிரியெஸ்தான். "தங்கச்சி, இவன் பேச்சுக்குப் பயப்படாத. அகபாவுல சுங்கக் கொட்டகைச் சுவத்தையே இடிச்சுத் தள்ளுன ஆளு இவன். வீட்ல சொல்லியிருக்க மாட்டானே."

சொல்லவில்லைதான். அவ்வாத் தொண்டையைச் செருமிக்கொண்டு ரிம்மிலிருந்து விரலை எடுத்தார். அவர் மனசு எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று தெரியாமல் ரஸ்மிய்யா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

வண்டியை, ஆள் கீழே இறங்கி வேலை பார்க்கிற குழியின் மேல் ஏற்றினார்கள். சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கிற டை ராடு வளைந்திருந்தது, ஜிரியெஸ் மாற்றினான். சக்கரம் நாலிலும் தகடு மாட்டி, கோணல் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் திரையில் கணக்குப் பார்த்தான். முறுக்கிச் சரிசெய்யும்போது ஸ்டியரிங்கை ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றான். ரஸ்மிய்யா முன்னால் வந்தாள்.

"நீ இரு தங்கச்சி. இவன் சும்மாதானே நிக்கிறான்."

ஸ்டியரிங்கை அசையாமல் பூட்டி வைக்கிற இரும்புக் கம்பி அவன் தலைக்கு மேலே சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ரஸ்மிய்யா அதைப் பார்த்தாள். புருஷனின் கையைப் பிடித்து அழைத்துப்போய் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள்.

கண் போன பிறகு அவர் அந்தப் பக்கம் உட்காருவது அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கைத் தொட்டார். எடுத்தார். மறுபடி தொட்டார். இடப்பக்கம் கடைசிவரை சுற்றி, வலப்பக்கம் கடைசிவரை சுற்றி, நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு கட்டைவிரலையும் குறுக்குக் கம்பிகளில் பதித்துக்கொண்டார். முதுகு தானாக நிமிர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த ரஸ்மிய்யா முக்காட்டுத் துணியை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அசைக்காதே" என்றான் ஜிரியெஸ் கீழிருந்து.

"நான் அசைக்கல. உன் ஸ்பேனர்தான் நடுங்குது, கிழவா."

வேலை முடிந்து, கற்பூரவள்ளி மாதிரி வாசமடிக்கும் மரமிய்யா இலை போட்ட டீயும் குடித்தானது. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று ஜிரியெஸ் அனுப்பினான். அவ்வாத் எந்தக் கதவுப் பக்கம் போகிறார் என்று ரஸ்மிய்யா பார்த்தாள். பின் கதவைத் தடவினார், தாண்டினார், முன் கதவைத் திறந்து ஏறினார். செருப்பு காலிலேயே இருந்தது.

அஸ்ரக் ரோட்டில் ஊர் முடிந்து, இரண்டு பக்கமும் கருங்கல் பொட்டல் தொடங்கியதும், முன்னால் பின்னால் வண்டி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"மெதுவாப் போ. இப்ப கையை விடு."

"என்னது?"

"ஸ்டியரிங்கை விட்டுப் பாரு. அப்பத்தான் தெரியும்."

"நான் மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை இடிச்சவ நான்."

"நானும்தான் சுவத்தை இடிச்சேன். மறுநாளும் ஓட்டினேன்ல? விடு, நான் பக்கத்துலதான இருக்கேன்."

கண் தெரியாத மனுஷன் பக்கத்தில் இருந்து என்ன செய்யப்போகிறார் என்று அவள் கேட்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கைகளை மடிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். வண்டி நேராகப் போயிற்று. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, தன்பாட்டுக்குப் போயிற்று.

அப்போது கீழே ஏதோ சத்தம். ஒரு செருப்பு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றதும் விழுந்தது. அவர் காலை நீட்டிக்கொண்டு சீட்டில் சாய்ந்தார்.

"டீக்கடை வந்தா சொல்லு" என்றார். "இப்ப கையை வை, போதும்."