இருபது எழுத்து இடம்

எண்பதுகளின் கடைசியில் பாக்கார் ஆராங் டவுனில், ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். என் படிப்பு தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதோடு நின்றுவிட்டது. வகுப்பு நடத்திய டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"சும்மா தொடச்சிக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்கக்கா. சி-ங்கற கம்ப்யூட்டர் பாஷைல மொத்தம் முப்பது சொச்சம் வார்த்தைதான் லா" என்று ஒரு மத்தியானம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதற்கு முன் எந்த வேலையிடத்திலும் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. அவருக்காகவே கற்றுக்கொண்டேன்.

சி-யில் பெயரோ எண்ணோ, எதையும் வைக்குமுன் மெஷினிடம் இடம் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த இடத்தை மறுபடி தொடக்கூடாது. இது எனக்குச் சுலபமாக விளங்கியது. வேலையை விட்டுப் போகும்போது தோட்டத்து வீட்டுச் சாவியை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் ஒப்படைத்தவர்கள் திரும்ப அந்த வீட்டுக்குள் நுழைய முடியாதே.

கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் கோயிலில் அன்று ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுக்கும் இறந்தவர் பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். அந்த வருடம் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாக, பெயர்களை வாசிக்கும் கோயில் உபதேசியாரிடம் டீச்சர் ஏற்றுக்கொண்டார். புரோகிராமை என்னை எழுதச் சொன்னார்.

"ஒரு பேருக்கு எவ்வளவு இடம் கேக்கறது டீச்சர்?"

"இருபது எழுத்து. தாராளம்" என்று என் நோட்டில் 20 போட்டு வட்டமும் போட்டார்.

அவர் வகுப்பில் பெரும்பாலும் சீனப் பிள்ளைகள். மூன்று சின்னச் சொல்லில் பெயர் முடிந்துவிடும். எங்கள் ஆட்களுக்கு ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், பிறகு மலாயில் 'இன்னாருடைய மகன்' என்கிற அனாக் லெலாக்கி, அதன் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். பத்தாதே என்று தோன்றியது. சொல்லக் கூச்சப்பட்டு விழுங்கிவிட்டேன். வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வைத்துச் சோதித்தோம், சரியாக வந்தது.

அச்சடித்த தாளை நான் பார்க்குமுன்பே டீச்சர் உறையில் போட்டு உபதேசியாரிடம் நீட்டினார். "நானே எழுதின புரோகிராம்" என்றார். பக்கத்தில்தான் நின்றேன்.

பூசையில் உபதேசியார் வாசித்தார். ஒவ்வொரு நீளப் பெயரும் இருபதாவது எழுத்தில் அறுந்து, மிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்தவர் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெயர் வழிந்தாலும் சி தடுக்காது, அடுத்த பெயரின் இடத்தில் எழுதிவிடும். அதன்மேல் அடுத்த பெயர் உட்காரும். இன்னாருடைய மகன் என்ற இடத்தில் வேறு யாரோ அப்பாவாகிவிட்டார்கள்.

மெர்போக்கிலிருந்து வந்திருந்த ஒரு விதவை எழுந்தே விட்டார். "என் வீட்டுக்காரருக்கு அவரா அப்பா? செத்தவருக்குமா இந்த அவமானம்?"

கோயில் வாசலில் எல்லோரும் பூசைக்கு வந்திருந்த டீச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"அக்காதான் செஞ்சாங்க. ஆறாவது படிச்சவங்கள நம்பிக் குடுத்தது என் தப்பு."

என்னை 'அக்கா' என்றே சொன்னார், அதுதான் தாங்கவில்லை. வட்டம் போட்ட நோட்டு என் பையிலேயே இருந்தது.

மறுநாள் அவர் என்னைப் பார்க்காமலே, "சரி பண்ணிருங்க" என்றார். உட்கார்ந்தேன். முதலில் ஒவ்வொரு பெயரும் எத்தனை எழுத்து என்று அளந்தேன். பெயர் முடிந்தது என்று மெஷினுக்குக் காட்டும் பூஜ்யத்துக்காக ஓர் எழுத்து இடம் கூட்டி, அந்தந்தப் பெயருக்கு அந்தந்த அளவு இடம் கேட்டேன். எல்லாம் முழுதாக வந்தன. அதன்பின் ஒருநாளும் அளக்காமல் இடம் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த மெர்போக் அம்மாளிடம் புதுத் தாளைக் கொடுத்தேன். கணவர் பெயரை விரலால் தடவிப் படித்தார்.

"டீச்சரு சரி பண்ணிட்டாங்களா? படிச்சவங்க படிச்சவங்கதான் லா. நீ இனிமே அந்த மெஷின தொடாத, ஆமா."

பையைத் திறந்தேன். நோட்டு மேலாகத்தான் இருந்தது. அதை ஒதுக்கிக் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.