தூர்பானில் கேட்ட செய்தி

மகளுக்குப் பெய்ஜிங்கில் வேலை கிடைத்த மறு வருஷம் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போனோம். அவள் எங்களைச் சீனாவின் மேற்கே உள்ள தூர்பானுக்குக் கூட்டிப்போனாள். பாலைவனத்தின் ஓரத்தில், மண்மதில் சூழ்ந்த காவோசாங் என்ற பழைய நகரம். ஒரு காலத்தில் புத்த விகாரைகள் நிறைந்திருந்த ஊராம். மதில்கள் கரைந்து மேடாகிக் கிடந்தன. பக்கத்து மலைக் குகைகளில் ஓவியங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பல சுவர்கள் மொட்டையாக இருந்தன. சாந்தோடு சேர்த்து அறுத்தெடுத்த தடம் மட்டும் தெரிந்தது.

மனைவி டெல்லியில் மந்திர் மார்க் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். படங்கள் எங்கே போயின என்று மகளை விட்டு வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டாள். நூறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டார் பெயர்த்துக்கொண்டு போனார்கள், சில ஜெர்மனியில் குண்டுவீச்சில் அழிந்தன, சில உங்கள் டெல்லி மியூசியத்திலேயே இருக்கின்றன என்றாள் அந்தப் பெண்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த மியூசியத்தத் தாண்டித்தானே நான் தினம் பஸ்ல ஸ்கூலுக்குப் போனேன்?"

கிட்வாய் நகர் வீட்டுக்குத் திரும்பியதும் மியூசியத்துக்குப் போனோம். அந்த ஓவியங்கள் இருக்கும் கூடத்தில் ரிப்பேர் வேலை, பிறகு வாருங்கள் என்றார் காவலர். பிறகு போனபோதும் பூட்டியிருந்தது. இதற்கிடையில் அவளுடைய கண்ணில் கோளாறு தொடங்கியது. பார்வையின் நடுப்பகுதி போய்விடும், ஓரங்கள் மட்டும் மிஞ்சும் என்றார் டாக்டர். அப்படியே ஆனது.

கூடம் திறந்த செய்தி கேட்டு அவளை அழைத்துப் போனேன். தூர்பான் குகையிலிருந்து வந்த ஒரு துண்டின் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"ஓரத்துல பூவேலை தெரியுது. முகம் இருக்கற எடத்துல ஒரே புகையா இருக்கு. நீங்க சொல்லுங்க."

ஒரு துறவி, கைகூப்பியிருக்கிறார், சிவப்பு ஆடை என்றேன். என்ன சிவப்பு என்று கேட்டாள். ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்புகளில் குறிப்பு எழுதிய எனக்கு அதற்கு வார்த்தை வரவில்லை. செங்கல் மாதிரி என்றேன். அவர் கண் எப்படி இருக்கிறது என்றாள். பாதி மூடியிருக்கிறது என்றேன்.

"போதும், வாங்க. கால் வலிக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு மியூசியத்துக்கு நான் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். வெயில் குறையட்டும் என்றாள், பிறகு பனி குறையட்டும் என்றாள். நானும் வற்புறுத்துவதை விட்டுவிட்டேன்.