ஏ.ஐ.க்கு நாத்தனார் இல்லை

பத்து நாள் முன்பு ஒரு வியாழக்கிழமை காலை. காபியோடு போய் நின்றால், ஸ்டெல்லா லேப்டாப்பைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். அப்பாடா... இந்த முறை என்னை இல்லை!

ஸ்டெல்லா என் மனைவி. கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆய்வாளர். கல்வராயன் மலையில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளை, முன்கூட்டியே போனில் குரல் செய்தியாக அனுப்புகிறார்கள். அனுப்பினால் நிஜமாகவே கூடுதலாக ஆட்கள் வருகிறார்களா? இதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

வழி என்னவோ எளிதுதான். மலை ஊர்களை இரண்டாகப் பிரிப்பது. பாதிக்குச் செய்தி உண்டு, பாதிக்குக் கிடையாது. பிறகு ஒப்பிடுவது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று குலுக்கல் போட்டது ஏ.ஐ. முடிவை அலசியதும் அதுவே. மனுஷங்க பிரித்தால் ஓரவஞ்சனை வந்துவிடுமாம். என்னிடம் யோசனை கேட்காததற்கும் அதே காரணம்தான் சொல்லப்பட்டது.

இப்போது ஏ.ஐ. தீர்ப்பு எழுதிவிட்டது: இரண்டு பக்கத்திலிருந்தும் முகாமுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. குரல் செய்தியால் பலன் இல்லை. நிறுத்திவிடலாம்.

“திங்கக்கெழம ரிப்போர்ட் குடுக்கணுங்க. இதை அப்படியே குடுத்தா மெசேஜை நிறுத்திடுவாங்க” என்றாள். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

“அதுக்கின்னா, ரூமுக்குள்ளயே உக்காந்துக்கினு சொல்லுது. இன்னிக்கு மேல முகாம்தானே? போய்ப் பாத்துட்டு வந்துடலாம் வா” என்றேன்.

வேலை வெட்டி இல்லாதவன் யோசனை என்று அவள் முகம் சொன்னது. ஆனாலும் கிளம்பினாள்.

வெள்ளிமலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். முகாமில் நல்ல வரிசை. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ஊர் எது என்று விசாரித்தால், செய்தி போகாத ஊர்!

“இன்னிக்கு முகாம்னு உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?”

“எங்க அண்ணிதாங்க. அதோ நிக்குது பாருங்க.”

அண்ணியின் பெயர் செல்வி. அவள் இருப்பது செய்தி போகும் ஊர். கூப்பிட்டதும் வந்தாள்.

“இவ எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி மேடம். அந்தூர்லதான் குடுத்திருக்கோம். எனக்கு மெசேஜ் வந்ததும் இவளுக்கு போன் போட்டுடுவேன். இவ அந்தத் தெருவுக்கே சொல்லிடுவா.”

ஸ்டெல்லா வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டே போனாள். அக்கா சொன்னாள், அத்தை சொன்னார், சம்பந்தி சொல்லியனுப்பினார்... எல்லாம் செய்தி வரும் ஊர்களிலிருந்து போன தகவல்.

ஏ.ஐ.க்கு ஊர்களின் தூரம் தெரியும், மக்கள்தொகை தெரியும். எந்த ஊரில் பெண் எடுத்து எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியாது. யாரும் அதனிடம் சொல்லவும் இல்லை. பிறந்த வீட்டை ஒரு பக்கமும் புகுந்த வீட்டை மறுபக்கமும் பிரித்துப் போட்டுவிட்டு, நடுவில் தகவல் போகாது என்று நம்பியிருக்கிறது! என் மனைவியும் நம்பியிருக்கிறாள் – தன் நாத்தனாரோடு தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசுகிறவள்.

ஆராய்ச்சிப் புத்தி லேசில் விடுமா? “ஒரு நாலு மாசம் மட்டும் இவங்களுக்குச் சொல்லாம இருக்க முடியுமா செல்வி?” என்று கேட்டேவிட்டாள்.

செல்வி சிரித்தாள். “இருக்கலாம் மேடம். உங்க ஆராய்ச்சி சரியா வந்துடும். ஊசி போடாம இந்தக் கொழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா, இவ மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

ஸ்டெல்லா குழந்தையின் கன்னத்தை மெல்லத் தொட்டுவிட்டு வந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் மரியாதை கொஞ்சம் ஜாஸ்தியானது அப்போதுதான். நேரில் சொல்லவில்லை, இங்கே படித்துக்கொள்ளட்டும்.

ரிப்போர்ட்டில் ‘பலன் இல்லை’ என்ற வரி போய்விட்டது. ‘தகவல் இரண்டு பக்கமும் போயிருக்கிறது. அதனால் இந்த ஒப்பீடு செல்லாது. செய்தியை நிறுத்த வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தாள். நிறுவனமும் ஒத்துக்கொண்டது. செய்தி இப்போது எல்லா ஊர்களுக்கும் போகிறது.

நடந்ததையெல்லாம் ஏ.ஐ.யிடமும் டைப் செய்து காட்டினாள். அடுத்த நொடியே பதில் வந்தது: “மன்னிக்கவும். நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. நான் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.”

ஸ்டெல்லா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபது வருஷமாக எங்கள் வீட்டில் அந்த வசனத்தை நான் ஒருவன்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்!