மாத்திரையை விட்ட தவக்காலம்

1968 தவக்காலத்தில் என் உடம்பெல்லாம் சீழ் வைத்தது. கழுத்திலிருந்து பாதம் வரை தோல் நெருப்பாய்ச் சிவந்து, அதன்மேல் கடுகு கடுகாய்க் கொப்புளம். குளிர்காய்ச்சல் வேறு. ராயபுரத்தில் எங்கள் சந்தே அம்மை என்று கதவைச் சாத்தியது. பக்கத்து வீட்டு அமலி என் மனைவி ஸ்டெல்லாவிடம், "கொழாயாண்ட வராத, இன்னா? எங்க வூட்ல கொழந்தைங்க கீதுங்க" என்றாள். பத்து வருஷம் எங்கள் வீட்டு மீன் குழம்பு தின்றவள். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை.

தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் அம்மை இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பென்சிலின் போட்டும் அடங்கவில்லை. தோல் பாளம் பாளமாக உரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் செத்துப்போனார். அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் ஜெபமாலை சொல்லவில்லை, சண்டைதான் போட்டேன். "சர்வேசுரா, கொல்வதானால் கொல்லும். இல்லையென்றால் இது என்ன நோய் என்று ஒரு மனுஷன் வாயால் சொல்லும்."

மறுநாள் காலை தோல் டாக்டரம்மா வந்தார். சீழைச் சோதித்ததில் கிருமியே இல்லை என்றார்.

"இதுக்கு முன்ன என்ன மருந்து சாப்பிட்டீங்க? எப்ப நிறுத்தினீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

ஸ்டெல்லா பாய்ந்தாள். "பொய்யி, டாக்டரம்மா! முட்டியாண்ட செதில் செதிலா வந்துச்சின்னு ஒரு வருசமா மாத்திர துன்னுகினு இருந்தாரு. விபூதிப் புதன்லேர்ந்து சாமிக்கு ஒறுத்தல்னு வுட்டுட்டாரு. பீடிய வுடுய்யான்னேன், மாத்திரைய வுட்டாரு!"

உண்மைதான். விபூதிப் புதனில் தவக்காலம் தொடங்கி ஈஸ்டர் வரை சாமிக்காக ஒன்றை விட்டிருப்பதுதான் ஒறுத்தல். அதை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று வாயை மூடியிருந்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அது ஸ்டீராய்டு மாத்திரை, திடீரென்று நிறுத்தினால் இப்படிச் சீறும் என்றார். இது சொரியாசிஸில் சீழ் வைக்கும் அபூர்வமான வகை, யாருக்கும் ஒட்டாது என்றார். மாத்திரையை மறுபடி கொடுத்து, வாரா வாரம் கொஞ்சமாகக் குறைத்தார். ஈஸ்டர் கழிந்து மூன்றாம் வாரம் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நோய் போய்விடவில்லை. அவ்வப்போது உள்ளங்கையில் தலை காட்டும். களிம்பு தடவுகிறேன், மாதாமாதம் போய்க் காட்டுகிறேன், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறேன். நான் கேட்டதைச் சர்வேசுரன் ஒரே நாளில் கொடுத்தார். அதைக் கெடுக்கப் பார்த்தவன் நான்தான். அவருக்கும் ஸ்டெல்லாவின் நாக்குக்கும் ஸ்தோத்திரம்.

வியாதியில் கிடக்கும் சகோதரரே, அவரிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். டாக்டர் வந்து கட்டிலருகே நின்று கேள்வி கேட்டால், உங்கள் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. உள்ளதைச் சொல்லுங்கள்.