பவுனம்மாள் அளந்த கழுத்துக் கயிறு

செங்கல்பட்டிலிருந்து வந்த பஸ் கோவளத்தில் நின்றபோது நான் நிறுத்தத்தில் மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் மச்சான் ஏழுமலை இறங்கினான். அவன் கையில் பவுனம்மாளின் வெற்றிலைப் பை இருந்தது. அவள் இல்லாமல் அந்தப் பை எங்கும் போனதில்லை.

"இன்னாடா, பை மட்டும் வருது?" என்றேன்.

"பவுனக்கா விடிகாலைல ஆஸ்பத்திரிலயே பூடுச்சு மச்சான்" என்றான்.

அது நடந்து நாட்கள் ஓடிவிட்டன. அவளோடு கூடை தூக்கியவர்களும் அவளிடம் திட்டு வாங்கியவர்களும் நாளை கருமாதிக்கு வருவீர்கள். உங்களுக்குப் படித்துக் காட்டவே இதை எழுதுகிறேன். மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு நான் நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு சுருட்டு தீர்ந்துவிடுகிறது. இந்தத் துக்கத்திலும் எழுத்து ஒவ்வொன்றாக வந்து உட்காரும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. "இந்த வயசுல எய்தக் கத்துக்கினு யாருக்குக் கடுதாசி போடப் போற அண்ணாத்த?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவளுடைய நாய் மணி சரியாகத் தின்பதில்லை. விலா எலும்பு தெரிகிறது. அவள் கட்டிய கயிறு கழுத்தில் தொளதொளவென்று தொங்குகிறது. தலையைக் குனித்து உதறினால் கழன்று விழுந்துவிடும். நாளை மறுநாள் நாய் பிடிக்கிறவர்கள் நம் குப்பத்துக்கு வருகிறார்கள். கழுத்தில் ஒன்றும் இல்லாத நாயைக் கொண்டுபோனால் அது திரும்பி வராது.

முதல் தடவை அவர்கள் வரப்போவதாகக் கேள்விப்பட்டபோது நாம் செய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆளாளுக்குப் பழைய வலையின் பருத்திக் கயிற்றை அறுத்து, மணலில் படுத்திருந்த நாய்களைப் பிடித்துக் கச்சிதமாகக் கட்டிவிட்டோம். கட்டுமரம் கட்டுகிற கைகள், முடிச்சு அசையவில்லை. மறுநாள் கட்டுமரம் கடலில் இறங்கியபோது வழக்கம்போல நாய்களும் பின்னாலேயே அலையில் இறங்கின. பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும் என்பது கடலில் பிழைக்கிற நமக்குத் தெரியும். வலையில் இருந்தவரை தெரியும். நாய்க் கழுத்துக்குப் போனதும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பவுனு மீன் அறுக்கிற கத்தியோடு ஓடிவந்து ஒவ்வொரு கயிறாக அறுத்துவிட்டாள். ஏழுமலையின் செவலை நாயிடம் அவள் போய்ச் சேர்வதற்குள் அதன் மூச்சு நின்றுவிட்டது.

"மீனக் கோக்குறாப்புல நாயக் கோத்து வெச்சிகீறீங்களே" என்றாள் எங்களைப் பார்த்து. "நாய் புடிக்கிறவன் எதுக்கு வரணும்? நீங்களே போதும்."

ஏழுமலை செவலையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

அன்று அவள் எல்லா நாய்க்கும் புதிதாகக் கட்டினாள். கயிற்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நனைந்த கயிற்றால்தான் அளந்தாள். தாடையை ஒட்டிக் கட்டாமல் கழுத்தின் அடியில் கட்டினாள். இழுத்தாலும் ஓடாத முடிச்சாகப் போட்டாள். இரண்டு விரலைப் படுக்கவைத்து உள்ளே விட்டுப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த பிறகு கயிற்றை முன்பக்கமாக இழுத்துப் பார்த்தாள். "நனைஞ்சா ரெண்டு விரல் பூரணும். காஞ்சா காதத் தாண்டக் கூடாது." இதை அவள் வாயால் கேட்காதவர்கள் இங்கே இல்லை.

ஒருமுறை நாங்கள் கருவாட்டுக் கூடையோடு செங்கல்பட்டுச் சந்தைக்குப் போயிருந்தோம். ஒரு கடையில் பித்தளைக் கொக்கி வைத்த தோல்பட்டை தொங்கியது. மணிக்கு அதை வாங்க அவளுக்கு ஆசை. எடுத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு, சோற்றுக்குக் குனிவதுபோலக் குனிந்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"குனிஞ்சா கொக்கி தொண்டைல குத்துது நைனா" என்றாள் கடைக்காரரிடம்.

"அது நாய்க்கும்மா, உனக்கில்ல."

"நாயி மட்டும் நிமிந்துகினா துன்னும்?"

பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உப்புத் தண்ணீர் பட்டால் தோல் எப்படியும் விறைத்துவிடும் என்று பஸ்ஸில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் வீடு வரும்வரை அந்தப் பித்தளையின் பளபளப்பைப் பற்றியே பேசினாள்.

கடைசியாக அவளை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். கையைத் தூக்கினாள், வளையல் முழங்கைவரை ஓடியது.

"எளச்சா எல்லாம் லூசாப் பூடுது அண்ணாத்த. மணி துன்னுதா?"

"துன்னுது."

"பொய் சொல்லாத. கயித்தப் பாத்துக்கோ. பவுனு கட்டுனதுன்னு அப்டியே வுட்டுறாத. கயிறு எனக்கா, அதுக்கா?"

இன்று மத்தியானம் மணியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கயிற்றுக்குள் விரலை விட்டால் கையே போய் வந்தது. அப்படியும் அவள் போட்ட முடிச்சில் கத்தி வைக்க மனம் வரவில்லை. வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். மணி என் முகத்தையே பார்த்தது. பிறகு அவளுடைய கத்தியாலேயே அறுத்தேன். மிச்சக் கயிற்றை ஊறவைத்து அளந்து கட்டினேன். இரண்டு விரல் போனது.

இந்த வரியை எழுதுவதற்கு முன் வெயிலில் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். காதைத் தாண்டவில்லை.

பவுனு, நீ போட்ட முடிச்சு என் சுருட்டுப் பெட்டியில் இருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும். மணி தின்று தேறினால் நான் போட்டதையும் அறுப்பேன்.