பிசிறில்லாத சாவி

படம் வெட்டும்போது லிடியா கத்தரியை அசைக்கமாட்டாள், காகிதத்தைத்தான் திருப்புவாள். காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரியில் இறக்கிவிட்டதும், வீங்கிய கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக் கால்மணி நேரம் கிடப்பாள். பிறகு பழைய வார இதழ், கல்யாணப் பத்திரிகை, பல்பு அட்டைப்பெட்டி என்று தரையில் கடை விரித்துவிடுவாள். சர்ச் காலண்டர் கிடைத்தால் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வாள். வேத வசனத்தின்மேல் கத்தரி படக்கூடாது.

துண்டுகளை ஒட்டி ஓர் அறை செய்வாள். பத்திரிகையின் ஜரிகைத் தாள் திரைச்சீலையாகும், விளம்பரத்துக் குக்கர் மூடி சுவர்க் கடிகாரமாகும். அதைப் போனில் படமெடுத்துத் தண்டலத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் நிர்மலுக்கு அனுப்புவாள். அவன் அதைப் புதிர் விளையாட்டாக்குவான். ஆடுகிறவர் படத்தைத் தொட்டுத் துழாவி, சாவியைக் கண்டுபிடித்து, கதவைத் திறக்க வேண்டும்.

பிழைப்பு ஒரகடத்தில், கார் விளக்கு மூடிகளைச் சோதிக்கும் வேலை. ஒன்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, விளிம்பில் மயிரிழை பிசிறு இருந்தாலும் ஒதுக்கித் தள்ளுகிறவள். அங்கே யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை, நம்பர்தான். விளையாட்டின் முடிவில் ‘படங்கள்: லிடியா’ என்று வரும். அந்த ஒரு வரிக்காகவா இந்தப் பாடு என்று கேட்டால் சிரிப்பாள், மறுக்கமாட்டாள்.

வியாழக்கிழமை நிர்மல் போன் செய்தான்.

“அக்கா, பத்து பேரு ஆடிப் பாத்தாங்க. ஒருத்தருக்கும் சாவி கெடைக்கல. செவுத்தோட செவுரா ஒட்டிக்கினு கீது. எடுக்குற சாமான் கொஞ்சம் தனியா தெரியணும். ஓரத்துல வெள்ளை வுட்டு வெட்டுக்கா.”

“பிசிறோட வுடச் சொல்ற?”

“ஆமாக்கா. ஞாயித்துக்கெழமைக்குள்ள வரலன்னா கம்ப்யூட்டர்லயே படம் போட்டுக்கலாம்னு கூட இருக்கறவன் சொல்றான். அப்பால உன் பேரு போட முடியாது.”

அவளிடமிருந்த பூட்டு விளம்பரத்தில் இன்னும் நான்கு சாவிகள் இருந்தன. வெள்ளிக்கிழமை ஒன்று, சனிக்கிழமை இரண்டு வெட்டினாள். மூன்றிலும் கை தன்னால் திரும்பிப் போய் வெள்ளையைச் சுத்தமாக நறுக்கிவிட்டது. “பாழாப்போன கை, சொன்னா கேக்குதா பாரு” என்றாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. அலுப்பில் அழுகையே வந்துவிட்டது, பாவம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவள் புடவைகூட மாற்றாமல் கடைசிச் சாவியை வெட்டினாள். சுற்றிலும் வெள்ளை, கோணலும் மாணலுமாக. பார்க்கப் பார்க்க அதையும் நறுக்கிவிட விரல் பரபரத்தது. கத்தரியை மடக்கித் தொடைக்கடியில் செருகி, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டு, போனை எடுத்துப் படம் பிடித்தாள்.