கேட்டுச் சொல்றன்

குடும்பநல உத்தியோகத்தர் வேலையில், அதாவது ஊர் 'மிஸ்ஸி' என்கிற மருத்துவிச்சி வேலையில், நாம் ஆகக் கூடுதலாகச் சொல்வது "கேட்டுச் சொல்றன்" என்பதுதான். சக மிஸ்ஸிமாரே, உங்களுக்கும் வாய் தேய்ந்திருக்கும்.

எட்டு மணி

என் கிளினிக் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். செவ்வாய் காலை எட்டு மணி என்பது மேலிடத்துக் கட்டளை. அறுவடை தொடங்கினால் பிள்ளைத்தாச்சிகளும் வயல் வட்டைக்குச் சோறு கொண்டு போய்விடுவார்கள். நான் தராசோடு ஈ ஓட்டுவேன். பின்னேரத்துக்கு மாற்றலாமா என்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. எட்டு மாதக்காரி வசந்தி இரண்டு தரம் வரவேயில்லை. வீடு தேடிப் போய்க் கேட்டால் சிரிக்கிறாள்.

"மிஸ்ஸி, உங்கட கடிதத்துக்குப் பதில் வருமட்டும் நெல்லு பாத்துக்கொண்டா இரிக்கும்?"

புது டொக்டர்

புதிதாக வந்த வைத்திய அதிகாரி, "உங்கட ஊர் உங்களுக்குத்தான் தெரியும். நேரத்தையும், ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புறதையும் நீங்களே முடிவெடுங்க. மறுகா எனக்குச் சொன்னாக் காணும்" என்றார். சந்தோசம்தான். பழக்கம் விடுமா? இரண்டு மணியா, மூன்று மணியா என்று அன்றைக்கே மூன்று தரம் போன் எடுத்தேன்.

"மிஸ்ஸி, அதையும் நானே முடிவெடுக்கிறதெண்டா, உங்களுக்கு நான் என்னத்தத் தந்தன்?"

துறையடி

மூன்று மணிக் கிளினிக்குக்கு வசந்தி வந்தாள். முகம் வீங்கி, தலையிடியோடு. பிரஷர் பயப்படும்படி ஏறியிருந்தது. உடனே அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். துறையில் ஆளும் வாகனமும் ஏற்றுகிற மிதவை, எங்கள் பேச்சில் 'பாதை', நின்றது. நானோ "அனுப்பட்டா சேர்?" என்று டொக்டரைக் கேட்பதற்காகப் போனோடு நின்றேன். நாலு தரம் மணி போனது, எடுக்கவில்லை. நிமிர்ந்தால் பாதை புறப்பட்டிருந்தது.

வசந்தியின் புருசன் என் முகத்தையே பார்த்தான். போனைப் பையில் போட்டேன். முழங்கால் தண்ணியில் இறங்கி, குடையை ஆட்டிக் கத்தினேன். பாதை கிறுகி வந்தது. "ஆர்ட ஓடர்ல திருப்பின?" என்று ஒரு மோட்டார் சைக்கிள்காரர் துள்ளினார். "என்ட ஓடர்" என்றேன். பாதைக்காரர் பலகையை இறக்கி வசந்தியை ஏற்றினார்.

"இத முதலே சொல்லியிருந்தா நான் போயேயிரிக்கமாட்டனே, புள்ள!"

பதில்

அன்றைக்கே ஒப்பரேஷன். தாய் தப்பினாள், சின்னஞ்சிறு மகளும் சில கிழமையில் வீடு வந்தாள். நான் பிள்ளையை நிறுக்கப் போன நாளில்தான் மேலிடத்துப் பதிலும் வந்தது: அறுவடைக் காலத்தில் கிளினிக்கைப் பின்னேரம் வைக்கலாமாம். அறுவடை முடிந்த வட்டையில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. வசந்திக்கு வாசித்துக் காட்டினேன்.

"பத்திரமா வைங்க மிஸ்ஸி, அடுத்த போகத்துக்கு உதவும்."

இப்போதெல்லாம் நான் "கேட்டுச் சொல்றன்" என்பது, வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்று யாராவது கேட்டால் மட்டும்தான்.